‘கடைசி பீஸ்’ என்று சொல்வதற்கு முன்

பத்து பாகாட், யோங் பெங், ஸ்ரீ காடிங், பாரிட் ராஜா வட்டாரங்களில் வீட்டிலிருந்தபடியே லைவ் போட்டுச் சேலை, சுடிதார், கவரிங் நகை, பூஜைச் சாமான் விற்கும் தங்கைமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

நான் உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி. இதே ஊரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருஷம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றாலும் தாமானில் யாருக்காவது ஒரு பாரம் நிரப்ப வேண்டும், ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்றால் வீட்டுக் கதவைத் தட்டுவது நின்றபாடில்லை. முன்பெல்லாம் நிலவரி, வீட்டுக்கடன், விவாகரத்து என்று வருவார்கள். இப்போது பாதிக்குப் பாதி பார்சல் விவகாரம்தான்.

வருகிறவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம், ஃபேஸ்புக்கில் எங்கோ ஒரு பக்கத்தைப் பார்த்து, சென்னை என்றும் காஞ்சிபுரம் என்றும் போட்டிருந்ததை நம்பி, பணத்தை அனுப்பிவிட்டு வருகிறவர்கள். படத்தில் இருந்தது பட்டு. பார்சலில் வந்தது நைலான். சிலருக்கு அதுவும் வரவில்லை. இரண்டாவது ரகம், உங்களிடம் வாங்கிவிட்டு வருகிறவர்கள். முதல் ரகத்துக்கு என்னால் தேநீர் கொடுக்க முடிகிறது, ஆறுதல் சொல்ல முடிகிறது. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் முடிவதில்லை. இரண்டாவது ரகத்துக்கு ஒரு பாரத்தை நீட்ட முடிகிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்த மடல். இதில் உங்களுக்கு நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. கெட்டதை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருப்பதால் நான் இரண்டையும் சொல்லப் பார்க்கிறேன்.

நம் நாட்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் ஒரு ஓட்டை இருந்தது. மின்னியல் வழியாக நடக்கும் வியாபாரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இரண்டாம் பிரிவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கடையில் போய் வாங்கினால் பாதுகாப்பு உண்டு, கணினியில் வாங்கினால் இல்லை. 2006இல் மின்வணிகச் சட்டம் வந்து, இணையத்தில் ‘சரி’ என்று அழுத்துவதும் ஒப்பந்தம்தான் என்று ஆன பிறகு, 2007இல் அந்த வரியை நீக்கினார்கள். அன்று முதல் உங்கள் லைவும் ஜாலான் ரஹ்மாட்டில் உள்ள துணிக்கடையும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான்.

ஆனால் கடல் தாண்டி விற்கிறவரை என்ன செய்வது என்று அந்தச் சட்டம் வாயைத் திறக்கவில்லை. சிங்கப்பூரின் நியாய வாணிபச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். விற்பவரோ வாங்குபவரோ யாராவது ஒருவர் சிங்கப்பூரில் வசித்தால் போதும், சட்டம் பொருந்தும் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நம்முடையதில் அப்படி ஒரு வரி கிடையாது. அப்படியே ஒரு வழியாக இங்கே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், எல்லோரும் திரிபியூனல் என்று சொல்கிறோமே அதில், சாதகமாகத் தீர்ப்பு வாங்கிவிட்டாலும் அந்தத் தீர்ப்பு ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணைக்குச் சமம். இந்தியாவில் அதைக் கொண்டுபோய்ச் செல்லுபடி ஆக்க முடியுமா? அங்குள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு, பரஸ்பர ஏற்பாடு உள்ள நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளைத்தான் நேரடியாக நிறைவேற்ற வழி விடுகிறது. மாஜிஸ்திரேட் ஆணைக்கு அந்த வாசல் இல்லை. 180 வெள்ளிச் சேலைக்காக உயர்நீதிமன்றம் போகிறவர் யாராவது இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள், பார்க்க ஆசை.

இதில் எனக்கு எரிச்சலூட்டுகிற விஷயம் ஒன்று உண்டு. 2020 ஜனவரி முதல் வெளிநாட்டு டிஜிட்டல் நிறுவனங்கள் நம்மிடம் விற்கும் சேவைக்கு அரசாங்கம் சேவை வரி வாங்குகிறது. 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் விற்று வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிற 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய அளவில் விற்கும் வெளிநாட்டு வியாபாரி நம் சுங்கத்துறையில் பதிந்துகொண்டு வரியைக் கட்ட வேண்டும். ஆக, எல்லை தாண்டிக் கை நீட்ட முடியாது என்பதில்லை. வரிக்கு நீள்கிறது. ஏமாந்தவருக்குப் பணம் வாங்கித் தர மட்டும் அந்தக் கை மடங்கிக்கொள்கிறது.

முடியாத காரியமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டீம் என்ற தளத்தில் கணினி விளையாட்டு விற்கும் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம், விற்ற விளையாட்டுக்குப் பணம் திருப்பித் தரமாட்டோம் என்று எழுதி வைத்திருந்தது. அந்நாட்டின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் வழக்குப் போட்டது. நாங்கள் ஆஸ்திரேலியாவில் வியாபாரம் செய்யவில்லை, எங்கள் ஒப்பந்தம் வாஷிங்டன் மாநிலச் சட்டத்தின்படி எழுதப்பட்டது என்று நிறுவனம் வாதாடியது. உன்னிடம் இந்த நாட்டில் 22 லட்சம் கணக்கு இருக்கிறது, இங்கே சர்வர் வைத்திருக்கிறாய், பிறகு வியாபாரம் செய்யவில்லை என்றால் எப்படி என்று நீதிமன்றம் கேட்டது. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது. சட்டத்தில் வாசகம் இருந்தது, கேட்பதற்கு ஒரு ஆணையமும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் நடந்தது.

இந்தியாவிலும் 2019இல் வந்த புதிய நுகர்வோர் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. நுகர்வோர் என்றால் இந்தியக் குடிமகனாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சென்னையில் உள்ள ஒரு கடை உண்மையான கடையாக, முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள கடையாக இருந்தால், இங்கிருந்து வாங்கியவர் அந்தக் கடை உள்ள மாவட்டத்தின் ஆணையத்தில் இ-ஜாக்ருதி என்ற இணையத்தளம் வழியாக முயன்று பார்க்கலாம். முதல் ரகத்தில் சிலருக்கு நான் இதைச் சொல்வதுண்டு. பெரும்பாலும் கேள்வி அதற்கு முன்பே முடிந்துவிடும். கடை என்று அவர்கள் நினைத்தது ஒரு படமும் ஒரு வாட்சப் எண்ணும்தான். அப்படிப்பட்டவர்களிடம் மோசடிப் புகார் எண்ணான 997க்கு உடனே போன் போடுங்கள், பணம் இங்குள்ள வங்கிக் கணக்கு ஒன்றுக்குத்தான் போயிருக்கும், ஒருவேளை நிறுத்தலாம் என்று சொல்வேன். மணிக்கணக்கில் தாமதித்தால் அதுவும் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘உற்பத்தியாளர்’ என்பதற்கு விளக்கம் கொடுக்கும்போது ஒரு வாசகம் வருகிறது. பொருள் வெளிநாட்டில் செய்யப்பட்டு, செய்தவருக்கு மலேசியாவில் வியாபார இடம் எதுவும் இல்லை என்றால், அதை இறக்குமதி செய்கிறவரும் விநியோகிக்கிறவருமே உற்பத்தியாளர். அதாவது சூரத்தில் விசைத்தறியில் நெய்த சேலையை ஏர் கார்கோவில் வரவழைத்து, உங்கள் வீட்டு ஹாலில் கம்பியில் தொங்கவிட்டு விற்கும்போது, சட்டத்தின் கண்ணுக்கு விற்பவரும் நீங்கள், நெய்தவரும் நீங்கள். நெய்தவரைத் தேடி யாரும் குஜராத்துக்குப் போகப் போவதில்லை. சாயம் போனால் உங்கள் கதவு, ஜரிகை கறுத்தால் உங்கள் கதவு.

இது அநியாயம் என்று தோன்றும். அதிலும் பெரிய கொடுமை, சூரத்காரர் உங்களை ஏமாற்றினால் நீங்கள் பயனீட்டாளர் ஆக முடியாது. மறுவிற்பனைக்கு வாங்குகிறவரை நம் சட்டமும் பயனீட்டாளராகக் கணக்கில் எடுப்பதில்லை, இந்தியச் சட்டமும் எடுப்பதில்லை. 5 வெள்ளி கட்டித் திரிபியூனலுக்குப் போகும் வசதி உங்கள் வாடிக்கையாளருக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது. 200 சேலைக்கு முன்பணம் அனுப்பி 40 சேலை ஓட்டையோடு வந்தால், அது இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் உள்ள ஒப்பந்தப் பிரச்சினை, சாதாரண நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. இரண்டு பக்கமும் நெருக்கும் இடத்தில் நிற்கிறீர்கள். அதனால்தான் மொத்த வியாபாரியிடம் முழுப் பணத்தையும் முதலிலேயே அனுப்பாதீர்கள் என்று சொல்கிறேன். முதல் லோட்டில் பாதி, பார்த்த பிறகு மீதி என்று பேசுங்கள். வாட்சப்பில் பேசியதை அழிக்காதீர்கள். ‘ப்யூர்’ என்று அவர் எழுதிய மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கிரெடிட் கார்டில் கட்ட வழியிருந்தால் சேவைக் கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் அதில் கட்டுங்கள். வங்கி வழியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பாவது மிஞ்சும்.

சரி, வாடிக்கையாளர் பக்கம் உங்கள் கடமை என்ன? இணைய வியாபாரத்துக்கென்று தனி விதிகள் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன, 2024 டிசம்பரில் அவற்றைப் புதுப்பித்தார்கள். இவற்றின் சாரம் சின்னதுதான். யார் விற்கிறார் என்ற பெயர், பதிவு எண், தொடர்பு கொள்ளும் வழி, பொருள் என்ன தரம், அனுப்பும் செலவு சேர்த்து மொத்தம் எவ்வளவு, எப்படிக் கட்டுவது, எப்போது வந்து சேரும், என்ன நிபந்தனை. வாங்குகிறவர் பணம் கட்டும் முன்னே இவை அவர் கண்ணில் பட வேண்டும். நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.இல் பதியாமல் வியாபாரம் செய்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொந்தப் பெயரில் பதிந்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஒரு சுடிதாரின் லாபம். தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்த எண் உங்கள் பக்கத்தின் தலையில் இருக்கட்டும். புனைபெயரோடு ஒரு ரோஜாப்பூப் படம் போட்டு விற்கிறவர் மேல் யாராலும் வழக்குப் போட முடியாது என்பது உண்மைதான். அதே காரணத்தால் தெரிந்தவர் தவிர வேறு யாரும் அவரிடம் 300 வெள்ளிச் சேலை எடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

விலை. இதுதான் எனக்கும் உங்களுக்கும் நிரந்தரச் சண்டை. “அக்கா, பி.எம். பண்ணுங்க.” ஏன் பி.எம்.? பக்கத்து லைவ்காரர் பார்த்துவிடுவாரே என்றா? ஆளுக்கு ஒரு விலை சொல்லவா? எந்தக் காரணமாக இருந்தாலும், இணையத்தில் விலை போடாமல் தனியாகக் கேள் என்று சொல்வது குற்றம் என்று உள்நாட்டு வாணிப அமைச்சு பல தடவை எச்சரித்துவிட்டது. தனிநபருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. உங்களைச் சிறையில் போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. விலையைப் பொதுவில் போடுவதால் என்ன நஷ்டம் என்றுதான் இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

‘கடைசி பீஸ்’ விஷயத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொருள் குறைவாகத்தான் இருக்கிறது என்று பொய்யாகச் சொல்லி அவசரப்படுத்துவதை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடுக்கிறது. லைவில் அதே பச்சைச் சேலையை மூன்று நாளாகக் கடைசி பீஸ் என்று காட்டும்போது கமெண்டில் சிரிப்புப் படம் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. சிரிப்புக்கு அப்பால், அந்த வீடியோ உங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது, தேதியோடு. இதைவிடச் சுலபமான சாட்சி எந்த வழக்குக்கும் கிடைக்காது. பொருள் கைவசம் இல்லாமல், கொடுக்கும் உத்தேசமும் இல்லாமல் பணம் வாங்குவதற்கு அடுத்த பிரிவு இருக்கிறது. ‘ப்ரீ ஆர்டர்’ என்று சொல்லி தீபாவளிக்குப் பணம் வாங்கிவிட்டுப் பொங்கல் வரை இழுக்கிறவர்கள் அதையும் ஒரு முறை படிக்கலாம்.

பட்டு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் வழக்குகளில் பெரும்பாலானவை அதில்தான் தொடங்குகின்றன. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பெயர் அந்த வட்டாரத்து நெசவுக்கு உரியது. அசல் பட்டைத் தெரிந்துகொள்ள மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் சில்க் மார்க் என்ற முத்திரை வந்தது. நீங்கள் காட்டுகிற சேலையில் அந்த முத்திரை இருந்தால் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுங்கள். இல்லை என்றால் ‘காஞ்சிப் பட்டு’ என்று வாயால் சொல்லாதீர்கள். ‘சாஃப்ட் சில்க்’, ‘செமி சில்க்’ என்று நீங்கள் விற்பதில் பலவற்றில் பட்டு நூல் ஒரு இழைகூட இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், பழக்கப்பட்ட வாடிக்கையாளருக்கும் தெரியும். ஆனால் கூலாயிலிருந்து முதல் தடவை வாங்கும் ஒரு பிள்ளைக்குத் தெரியாது. பொருள் நீங்கள் வர்ணித்தபடி இருக்க வேண்டும் என்பது சட்டம் தரும் உத்தரவாதம், 34ஆம் பிரிவு. அதற்கு மேல் 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டம் வேறு இருக்கிறது. எங்கே செய்தது, எதனால் செய்தது என்று பொய் சொல்வது அதில் குற்றம். “இது பாலியஸ்டர், பட்டு மாதிரி மினுங்கும், துவைக்க வசதி, 85 வெள்ளி” என்று ஒருத்தி லைவில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவளிடம் நின்ற கூட்டம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. துணி ஆலைகளில் வேலை செய்து வளர்ந்த ஊர் இது. நூலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிற பெண்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்களிடம் போய்க் கதை விடலாமா?

முகப்பூச்சுக் கிரீமும் சித்த மருந்து எண்ணெயும் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். மருந்து என்று சொன்னால் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும், அழகுப் பொருள் என்றால் ‘நாட்’ எண் வேண்டும். எண் இல்லாததைத் தொடவே வேண்டாம். நிறம் வெளுக்கும் கிரீமில் பாதரசம் இருந்து சுகாதார அமைச்சு தடை செய்த பட்டியல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்குப் பிறகு ரிட்டர்ன், ரீஃபண்ட் என்பதெல்லாம் சின்ன விஷயம்.

ரிட்டர்ன் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அதில் உங்களுக்குச் சாதகமான சேதியை முதலில் சொல்கிறேன். மனம் மாறிவிட்டது என்பதற்காக இணையத்தில் வாங்கியதைத் திருப்பித் தரும் உரிமை மலேசியாவில் பொதுவாகக் கிடையாது. ஐரோப்பாவில் 14 நாள் அவகாசம் உண்டு. இங்கே வீடு வீடாக வந்து விற்கும் நேரடி விற்பனைக்குத்தான் அப்படி ஒரு அவகாசம். “அக்கா, மாமியாருக்குக் கலர் பிடிக்கலையாம்” என்று ஒருவர் திருப்பினால் நீங்கள் வாங்கிக்கொள்வது உங்கள் பெருந்தன்மை, கடமை இல்லை. வாங்கியவர் உடுத்திக் கல்யாணத்துக்குப் போய்விட்டு, மஞ்சள் கறையோடு திருப்பினாலும், நியாயமான காலம் கடந்த பிறகு திருப்பினாலும் குறைக்காகத் திருப்பித் தரும் உரிமையும் போய்விடும். புக் பண்ணிவிட்டுப் பணம் கட்டாமல் ஓடுகிறவர்களைப் பற்றி நீங்கள் லைவில் புலம்புவதையும் கேட்டிருக்கிறேன். அதற்குச் சட்டத்தில் பெரிய மருந்து இல்லை. முன்பணம் வாங்குவதுதான் வழி.

ஆனால் குறை இருந்தால் கதை வேறு. ஓட்டை, சாயம், சொன்ன அளவு இல்லை, சொன்ன துணி இல்லை, இவையெல்லாம் குறை. அப்போது ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அது செல்லாது. எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 1999ஆம் ஆண்டுச் சட்டமே மேல் என்று அதன் ஆறாம் பிரிவு சொல்லிவிட்டது. குறை பெரியதாக இருந்தால் பணமா, மாற்றுப் பொருளா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு. ‘ஸ்டோர் கிரெடிட் மட்டும்’ என்று நீங்கள் முடிவு பண்ண முடியாது. இப்போது புதிதாக ஒரு நிபந்தனை பரவியிருக்கிறது: “அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் எந்தப் புகாரும் ஏற்கப்படாது.” வீடியோ இருந்தால் வாங்கியவருக்கு நல்ல சாட்சி, உங்களுக்கும் தலைவலி குறைவு. எடுக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்தால் சட்டம் கொடுத்த உத்தரவாதம் அழிந்துபோகாது. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைக் கேள்வி கேட்கவே 2011 முதல் சட்டத்தில் தனிப் பகுதி ஒன்று சேர்த்திருக்கிறார்கள். போனில் வீடியோ எடுக்கத் தெரியாத எழுபது வயதுப் பாட்டியிடம் இந்த நிபந்தனையைக் காட்டி ஜெயித்துவிடலாம் என்று நினைத்தால், நடுவர் மன்றத் தலைவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

அந்தத் திரிபியூனல் எப்படி நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரிவதில்லை. வாங்கியவர் முதலாம் பாரத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டிப் பதிவார், இணையத்திலும் பதியலாம். மூன்று வருஷத்துக்குள் நடந்ததாக இருக்க வேண்டும், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். உங்களுக்குக் கடிதம் வரும். நீங்கள் இரண்டாம் பாரத்தில் பதில் எழுத வேண்டும். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் பிரச்சினை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போகாது, நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதுவார்கள். வழக்கறிஞர் வைக்க முடியாது, வாங்கியவரும் வைக்க முடியாது. நீங்களே நின்று பேச வேண்டும். பெரும்பாலும் முதலில் சமாதானமாகப் போகச் சொல்வார்கள், பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். தீர்ப்பு வந்து 14 நாளில் அதன்படி செய்யாவிட்டால் அதன் பிறகு அது வெறும் கடன் இல்லை, குற்றம். இந்த இடத்தில்தான் நம் சட்டத்துக்கு நிஜமாகப் பல் இருக்கிறது. அந்தப் பல் மலேசியாவுக்குள் உள்ளவரைத்தான் கடிக்கும், சூரத்தில் உள்ளவரை இல்லை என்பதுதான் நான் முதலில் சொன்ன கதை.

சிங்கப்பூருக்குப் பார்சல் அனுப்புகிறவர்களும் உங்களில் கணிசம். அங்குள்ள வாடிக்கையாளர் சிங்கப்பூரில் வசிப்பதாலேயே அவர்கள் சட்டமும் உங்கள் தலைமேல் தொங்குகிறது. பத்து பாகாட்டுக்கு வந்து அதை நிறைவேற்றுவது அவர்களுக்குச் சிரமம்தான். என்றாலும் அங்கே ஒரு குடும்பத்தில் பெயர் கெட்டால் அந்தப் புளோக் முழுக்கப் பரவ எத்தனை நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் பாரமாக நினைத்தால் பாரம்தான். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஷாப்பியிலும் டிக்டாக் ஷாப்பிலும் டெமுவிலும் வருகிற விலைக்கு உங்களால் இறங்க முடியாது. முயன்று பார்த்து நொந்துபோனவர்களையும் எனக்குத் தெரியும். அந்தத் தளங்கள் பணத்தைப் பிடித்து வைத்து, பொருள் வந்த பிறகு விடுவிக்கின்றன. அந்த ஒரு வசதிக்காகவே பலர் அங்கே போகிறார்கள். ஆனால் தளத்துக்கு வெளியே, ஃபேஸ்புக் விளம்பரத்தில் முளைத்து மறையும் பக்கங்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. உங்களைப் பிடிக்க முடியும். முகம் தெரியும், பெயர் தெரியும், கோவிலில் பார்க்கலாம், தேவைப்பட்டால் திரிபியூனலுக்கு இழுக்கலாம். வாங்குகிறவருக்கு இதைவிட வேறு என்ன காப்புறுதி வேண்டும்? அதை மறைக்காமல் முன்னால் வையுங்கள் என்கிறேன். லைவ் தொடங்கும்போது பக்திப் பாட்டுக்குப் பிறகு உங்கள் முழுப்பெயரையும் பதிவு எண்ணையும் ஊரையும் சொல்லுங்கள். குறை இருந்தால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும், பணமா மாற்றா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று ஒரே பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி மேலே ஒட்டி வையுங்கள். குறைப்பொருளுக்கு அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. சொன்ன அளவைவிட ஒரு அங்குலம் குறைந்தால் லைவிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த நாட்டில் பயனீட்டாளர் உரிமை வெளியிலிருந்து இறங்கிய சரக்கு இல்லை. எஸ்.எம். முகமது இத்ரிஸ் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல பத்தாண்டு கட்டிக் காத்தார், 2019இல் மறையும் வரை. மார்ச் 15ஆம் தேதியை உலகப் பயனீட்டாளர் தினமாகக் கொண்டாடலாம் என்ற யோசனையைச் சொன்னவர் இந்த மண்ணின் அன்வர் ஃபசல். 1983இல் முதல் தடவையாகக் கொண்டாடினார்கள். அவர்கள் போராடியதெல்லாம் பெரிய கம்பெனிகளோடு. உங்களைப் போன்ற வீட்டு வியாபாரிகள் அன்று அவர்கள் மனத்தில் இருந்திருப்பீர்களா என்று சொல்ல முடியவில்லை. இன்று இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் உங்களிடம் இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளரும் இங்கே ஒரு முகவரியை, வழக்கு ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள ஒரு ஆளை வைக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதச் சொல்லி நீங்களும் கேளுங்கள். வரிக்குப் பதிந்துகொள்கிறவர் புகாருக்கும் பதிந்துகொள்ளட்டும். வாங்குகிறவர்கள் கேட்டால் அது புகார். விற்கிறவர்கள் சேர்ந்து கேட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சின் காதில் வேறு மாதிரி விழும். நீங்கள் எல்லா விதிக்கும் கட்டுப்பட்டு விற்க, எதற்கும் கட்டுப்படாதவர் அதே வாடிக்கையாளரிடம் பாதி விலைக்கு விற்கிறார் என்பது உங்கள் வழக்குதானே, எங்கள் வழக்கு மட்டுமா? தீபாவளிக்கு முன் உங்கள் வாட்சப் குழுவில் இதைப் பேசி ஒரு கடிதம் எழுதினால், மலாயில் எழுதித் தர நான் தயார். பத்து பாகாட்டிலேயே அமைச்சின் கிளை அலுவலகம் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்கவும் கூட வருகிறேன்.

உங்கள் நிபந்தனைப் பக்கத்தை எழுதிவிட்டு எனக்கு அனுப்பினாலும் பார்த்துத் தருவேன். காசு வேண்டாம். ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் லைவில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை காட்டினீர்கள், மூன்று பேர் விலை கேட்டும் பி.எம். என்றே சொன்னீர்கள். விலையைப் பொதுவில் போடுங்கள். 150 வெள்ளிக்குள் என்றால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் லைவில் அடிக்கடி கமெண்ட் போடும் ஓர் அக்கா
பத்து பாகாட்